நண்டும் கிப்லாவும்

எங்கள் குறிஞ்சிப்பாடிக்கு மீன் கடலூர் துறைமுகத்திலிருந்தும் பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்தும் வரும். கூடையில் நண்டு கிடந்தால், வாங்க வந்த முஸ்லிம் பெண்களில் ஒருவர் உட்கார்ந்து பேரம் பேசத் தொடங்குவார். இன்னொருவர் சங்கராவைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். முதலாமவர் அநேகமாகக் கரையோரத்தில் பிறந்தவர், ஷாஃபி மத்ஹப் என்ற சட்ட மரபைச் சேர்ந்தவர். இரண்டாமவர் ஹனஃபி. இருவரும் ஒரே தெருவில் குடியிருப்பார்கள், ஒரே ஜமாஅத்துக்கு வரி கட்டுவார்கள்.

கரையோரத்து மரைக்காயர் குடும்பங்கள் வழிவழியாக இமாம் ஷாஃபியைப் பின்பற்றுகிறவர்கள். ஏமனிலிருந்தும் ஹளரமவ்த்திலிருந்தும் மரக்கலம் ஏறிய வணிகர்களோடு வந்த மரபு அது. மலபார், காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை, மலாயா, சுமத்ரா, அந்தப் பக்கம் கிழக்கு ஆப்பிரிக்கா என்று அந்தக் கடல் தொட்ட கரையெல்லாம் ஷாஃபிதான். உள்நாட்டு ராவுத்தர்களும் உருது பேசும் குடும்பங்களும் பெரும்பாலும் ஹனஃபி. துருக்கியர், முகலாயர், ஆற்காடு நவாபு என்று அரசுகளோடு தரைவழியாக வந்தது அது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட எங்கள் பகுதியில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. பெண் கொடுக்கல் வாங்கலும் உண்டு.

பரங்கிப்பேட்டையில் அப்படிப்பட்ட சம்பந்தம் ஒன்றில் விருந்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை உள்நாட்டுப் பக்கத்து ஹனஃபி. மாமியார் கதவோரமாக நின்று சொன்னார்: “மாப்பிள்ளை, உங்க மத்ஹபுல நண்டு கூடாதாமே. உங்களுக்குன்னு கொடுவா பொரிச்சு வச்சிருக்கேன்.” மாப்பிள்ளை கூச்சத்தோடு, “எனக்காக நீங்க ஒதுக்க வேணாம் மாமி, எல்லாரும் சாப்பிடுங்க” என்றார். சஹனில் உட்கார்ந்திருந்த வயதான ஆலிம் ஒருவர் அப்போது மெதுவாகச் சொன்னார்: “எங்க கிதாபுலயும் நண்டுக்குக் கேள்வி இருக்கு மாப்பிள்ளை. நாங்க சாப்பிடுறதும் ஒரு தரப்புச் சொல்லை வச்சுத்தான்.”

அவர் சொன்னது முழுக்க உண்மை. அதை நான் பிறகு கிதாபுகளில் தேடிப் பார்த்தேன். நம் சட்டக் கோட்பாட்டின் (அரபுக் கல்லூரிகளில் அதை உஸூலுல் ஃபிக்ஹ் என்பார்கள்) மொத்த வேலையும் இந்த ஒரு நண்டுக்குள்ளேயே தெரிகிறது.

அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் கடல் வேட்டையை ஆகுமாக்குகிறது. கடல்நீர் தூய்மையானது, அதில் செத்ததும் ஆகும் என்ற கருத்தில் ஒரு நபிமொழியும் இருக்கிறது. பொதுவாகச் சொன்னதைப் பொதுவாகவே எடுத்துக்கொள், விலக்குக்கு ஆதாரம் வந்தால் மட்டும் விலக்கு என்பது ஷாஃபி தரப்பின் நிலை. ஹனஃபி தரப்பு இன்னொரு நபிமொழியைப் பக்கத்தில் வைக்கிறது: அறுக்காமலே ஆகும் பிராணிகள் இரண்டு, மீனும் வெட்டுக்கிளியும். அல்அஃராஃப் 157ஆம் வசனம் அருவருப்பானவற்றைத் தடுப்பதையும் சேர்த்துப் படிக்கிறது. எனவே கடலில் மீன் மட்டும். அப்படியானால் இறால்? ஹனஃபி ஆலிம்களே இதில் பிரிந்து நிற்கிறார்கள். அரபு அகராதிக்காரர்கள் இறாலை மீன் வகையில் சேர்த்ததை வைத்து அனுமதித்தவர்கள் ஒரு பக்கம், உயிரியல்படி அது மீனே இல்லை என்று தவிர்த்தவர்கள் இன்னொரு பக்கம். எங்கள் வட்டாரத்து ஹனஃபி வீடுகளில் இறால் தொக்கு தாராளமாக நடக்கிறது.

ஷாஃபி தரப்புக்குள் வந்தால் விஷயம் இன்னும் நுட்பமாகிறது. 13ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த இமாம் நவவீ (1233–1277) எழுதிய ‘மின்ஹாஜ்’, கேரளத்திலிருந்து ஜாவா வரை ஷாஃபி மதரஸாக்களில் ஓதப்படும் நூல். அதில் நீரிலும் நிலத்திலும் வாழும் பிராணிகள் ஆகாதவை என்ற பட்டியலில் தவளையோடும் பாம்போடும் நண்டும் இருக்கிறது. அதே நவவீ ‘அல்மஜ்மூஉ’ என்ற பெருநூலில் கடலில் வாழ்பவை யாவும் ஆகும், தவளை நீங்கலாக என்ற முடிவையே சரியானதாக நிறுத்துகிறார். ஒரே மத்ஹப், ஒரே இமாம், இரண்டு நூல். கேரளத்து ஆலிம்கள் பலர் மின்ஹாஜைப் பிடித்துக்கொண்டு நண்டைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். கரையோரத்து நம் வீடுகளில் குழம்பு கொதிக்கிறது.

இனி நண்டையே பார்ப்போம். முதுகில் மூன்று சிவப்புப் பொட்டு வைத்த முக்கண் நண்டு கடலில் நீந்தித் திரிவது. பின்னங்கால் துடுப்புப் போலத் தட்டையாக இருக்கும். நீரை விட்டு எடுத்தால் அதிக நேரம் தாங்காது. பிச்சாவரம் சதுப்புக்காட்டுக் களி நண்டு வேறு ரகம். சேற்றில் வளை தோண்டும், அலை வடிந்தாலும் கிடக்கும், ஈரச் சாக்கில் கட்டி வைத்தால் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். ‘நீரிலும் நிலத்திலும் வாழ்வது’ என்ற சட்டச்சொல் இந்த இரண்டில் எதன் மேல் பொருந்தும்? சட்டத்தின் காரணம் நடப்பில் இந்தப் பொருளில் இருக்கிறதா என்று சோதிப்பதை உஸூல்காரர்கள் ‘தஹ்கீகுல் மனாத்’ என்பார்கள். அதைச் சோதிக்கக் கிதாபு மட்டும் போதாது, நண்டைத் தெரிந்தவர் வேண்டும். இந்தோனேசியாவின் உலமா சபை 2002இல் அதைத்தான் செய்தது. மீன்வள அறிஞரை அழைத்துக் கேட்டது. களி நண்டு வகைகள் செவுளால் சுவாசிக்கின்றன, நீரில்தான் முட்டையிடுகின்றன, நிலத்தில் நிரந்தரமாக வாழ்வதில்லை என்று அவர் விளக்கியதை ஏற்று, நண்டு ஆகும் என்று ஃபத்வா கொடுத்தது. அவர்களும் ஷாஃபிதான். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. நம் ஆலிம்கள் கேட்க நினைத்தால் நடந்தே போய்க் கேட்டு வரலாம்.

மத்ஹப் வேறுபாடு என்றதும் யாரோ சிலர் தம் விருப்பத்துக்கு ஆளுக்கொன்று சொல்லிப் போனார்கள் என்ற எண்ணம் இன்று பரவியிருக்கிறது. நண்டு விஷயத்தில் மட்டும் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று பாருங்கள்: வசனத்தின் பொதுமை, அதைக் குறுக்கும் நபிமொழியின் வலிமை, சொல்லின் வழக்கு, பொருளின் இயல்பு. ஒவ்வொரு அடுக்கிலும் நேர்மையான இருவர் பிரிந்து போக இடமிருக்கிறது. பிரிந்த பிறகும் இருவர் கையிலும் ஒரே அளவுகோல்தான் இருக்கிறது. குர்ஆன், நபிவழி, அறிஞர் ஒருமிப்பு, ஒப்புநோக்கு என்ற வரிசையை ஹனஃபி, மாலிக்கி, ஷாஃபி, ஹன்பலி என்ற நான்கு மத்ஹபுகளும் ஏற்கின்றன. மதீனாவாசிகளின் நடைமுறை, இஸ்திஹ்ஸான் (நேரடி ஒப்புநோக்கை விட்டு, பொருத்தமான வேறு முடிவை எடுப்பது) போன்ற துணை ஆதாரங்களில்தான் சண்டை. இமாம் ஷாஃபி இஸ்திஹ்ஸானைக் கடுமையாக மறுத்துத் தனியே எழுதியவர். ஆனால் அவர் கல்வி கற்றது யாரிடம்? மதீனாவில் இமாம் மாலிக்கிடம். பிறகு இராக்கில், இமாம் அபூஹனீஃபாவின் மாணவர் முஹம்மது இப்னு ஹஸன் ஷைபானியிடம். ஷாஃபியிடம் கற்றவர் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல். அபூஹனீஃபா மறைந்ததும் ஷாஃபி பிறந்ததும் ஒரே ஆண்டில், ஹிஜ்ரி 150இல்.

ஷாஃபி (767–820) தம் ‘அர்ரிஸாலா’வில் ஆய்வு முயற்சிக்கு (இஜ்திஹாதுக்கு) எடுத்துக்காட்டாகத் திரும்பத் திரும்பக் காட்டுவது கிப்லாவை, அதாவது கஃபாவை நோக்கிய தொழுகைத் திசையை. கஃபாவைக் கண்ணால் காண்பவருக்குக் கேள்வியே இல்லை. காணாத தொலைவில் இருப்பவர் சூரியன், நட்சத்திரம், மலை, காற்று என்று கிடைத்த அடையாளங்களைக் கொண்டு திசையைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பேர் இரண்டு திசை கண்டால், அவரவர் கண்ட திசையில் தொழுவதே அவரவர் கடமை. உழைத்துத் தேடியவர் பொறுப்பை நிறைவேற்றியவர். தீர்ப்புச் சொல்ல முயன்றவர் சரியாகச் சொன்னால் இரண்டு கூலி, தவறினால் ஒரு கூலி என்ற கருத்துள்ள நபிமொழியும் இதற்குத் துணை நிற்கிறது. பிற்காலத்தவர் இதை வைத்துப் பெரிய விவாதமே நடத்தினார்கள். உண்மை ஒன்றுதான், மற்றவர் தவறியவர், ஆனால் கூலி பெற்றவர் என்றது ஒரு சாரார். இத்தகைய விஷயங்களில் முறையாக முயன்ற எல்லோரும் சரியே என்றது இன்னொரு சாரார். இமாம் கஸ்ஸாலி இந்தப் பக்கம். எந்தப் பக்கம் எடுத்தாலும், எதிர்த்தரப்பைப் பாவி என்று சொல்ல வழியில்லை.

இதற்கு அடிப்படை ஒரு பாகுபாடு: உறுதியானது (கத்ஈ), வலுத்த ஊகமானது (ளன்னீ). ஐந்து வேளைத் தொழுகை கடமை என்பது முதல் வகை. அத்தஹிய்யாத்தில் விரலை அசைப்பதா நீட்டி வைப்பதா, சுபுஹில் குனூத் உண்டா, ஆமீனைச் சத்தமாகச் சொல்வதா, இவை இரண்டாம் வகை. என் அழுத்தமான எண்ணம் இதுதான்: மத்ஹபுகளின் ஒற்றுமை எங்காவது இருக்கிறதென்றால் இந்தப் பாகுபாட்டில் இருக்கிறது. தன் முடிவை முழுமனதோடு செயல்படுத்திக்கொண்டே அது தவறாகவும் இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்ளும் மனப்பயிற்சி அது. அந்தப் பயிற்சியை இழந்தவர் எந்தக் கொடியின் கீழ் நின்றாலும் ஊரைப் பிளப்பார்.

வடலூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். 1867இல் தருமசாலையும் 1872இல் ஞானசபையும் கண்ட வள்ளலார், சாதி சமய வேறுபாடுகளைக் கீழே போட்டுவிட்டு வரச் சொன்னவர். ஒற்றுமை என்று சொன்னால் இந்த மண்ணில் பிறந்த யாருக்கும் அந்த வழிதான் முதலில் மனத்தில் வரும். இமாம்கள் போன வழி வேறு. அப்பாசிய கலீஃபா மன்சூர், மாலிக்கின் ‘முவத்தா’வை எல்லா நாட்டுக்கும் ஒரே சட்டநூலாக்க விரும்பியதாகவும் மாலிக்கே அதைத் தடுத்ததாகவும் வரலாற்றில் வருகிறது. நபித்தோழர்கள் பல நாடுகளுக்குப் பரவினார்கள், ஒவ்வொரு நாட்டு மக்களிடமும் அவர்கள் விட்டுச்சென்ற அறிவு இருக்கிறது, அதைப் பறிக்க வேண்டாம் என்பது அவர் காரணம். தன் நூல் அரச சட்டமாவதைத் தானே வேண்டாம் என்ற அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, மத்ஹபுகாரர்கள் எப்போதும் இப்படியே நடந்தார்கள் என்று சொன்னால் அது பொய். மின்ஹாஜிலேயே ஒரு சட்டம் உண்டு: ஷாஃபி ஒருவர் ஹனஃபி இமாமின் பின்னால் தொழலாமா? இமாம் இரத்தம் குத்தி எடுத்துவிட்டு ஒளூ செய்யாமல் வந்தால் தொழலாம், ஏனெனில் ஷாஃபியிடம் அதனால் ஒளூ முறியாது. தன் மறைவிடத்தைத் தொட்டுவிட்டு ஒளூ செய்யாமல் வந்தால் தொழக் கூடாது. பின்னால் நிற்பவரின் கொள்கையே கணக்கு. ஷாஃபி அறிஞரான கஃப்ஃபால் இதை மறுத்து, இமாமின் கொள்கையே கணக்கு என்றார். பெரும்பான்மை அவரோடு போகவில்லை. மக்காவிலேயே கஃபாவைச் சுற்றி மத்ஹபுக்கொரு இமாம் நின்று தனித்தனி ஜமாஅத் நடத்தினார்கள். 1183இல் அங்கே போன பயணி இப்னு ஜுபைர் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். 1920களில் சவூதி ஆட்சி வந்த பிறகுதான் ஒரே இமாம் என்றானது. அந்த மாற்றத்தைச் செய்தவர்களோடு வேறு பலவற்றில் எனக்கு உடன்பாடில்லை. இதில் அவர்கள் செய்தது சரி.

மத்ஹப் வேண்டாம் என்று தமிழ்நாட்டில் 1980களில் தொடங்கிய தவ்ஹீத் பிரச்சாரத்துக்கும் அரபுக் கரையோடு தொடர்பு உண்டு. கடலூர் மாவட்டத்திலிருந்து வளைகுடாவுக்குப் பிழைக்கப் போனவர்கள் வேறு விதமாகத் தொழும் கோடிப்பேரைப் பார்த்துத் திரும்பினார்கள். ‘எங்கே ஆதாரம்?’ என்ற கேள்வி தெருவுக்கு வந்தது. சாதாரண மக்கள் குர்ஆனையும் ஹதீஸையும் தமிழில் திறந்து படித்தார்கள். வரதட்சணைக்கு எதிராகக் குரல் எழுந்தது. பெண்கள் பள்ளிவாசலுக்கு வந்தார்கள். இவை பெரிய நன்மைகள், மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு அறிவிப்பாளரின் நம்பகம் பற்றி ஹதீஸ்கலை அறிஞர்களே முரண்படும் இடத்தில், மேடையில் நின்று அதை வெட்டொன்று துண்டிரண்டாக முடித்து, மறுதரப்பை வழிகேடர் என்றது ஊகத்தை உறுதியாக மாற்றும் வேலை. பதிலுக்குப் பல ஜமாஅத்துகள் செய்தது அதைவிடக் கொடுமை. விரல் அசைத்தவரை ஊர்நீக்கம் செய்தார்கள், நிகாஹ் தஃப்தர் (திருமணப் பதிவேடு) தர மறுத்தார்கள், மையித்தை அடக்க இடம் இல்லை என்றார்கள். எந்த மத்ஹபின் எந்தக் கிதாபில் அதற்கு இடம் இருக்கிறது? ஒரு ஊரில் ஒரு பள்ளி இருந்த இடத்தில் மூன்றாயிற்று.

இத்தனைக்கும் நம் அரபுக் கல்லூரிகள் இதற்கு நேர்மாறான மரபு உள்ளவை. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் ஹனஃபிகள் சூழ்ந்த நகரத்தில் இருக்கிறது. கேரளத்தின் ஷாஃபி ஆலிம்களில் எத்தனையோ பேர் அங்கே ஓதி ‘பாகவி’ பட்டத்தோடு போனவர்கள். எங்கள் மாவட்டத்து லால்பேட்டையில், வீராணம் ஏரிப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே, 1862இல் தொடங்கிய மன்பஉல் அன்வார் இருக்கிறது. அங்கிருந்து வரும் ‘மன்பஈ’கள் இரண்டு மத்ஹப் ஊர்களிலும் இமாமத் செய்கிறார்கள். வகுப்பில் ஓதியதை அவர்கள் மிம்பரில் சொல்லாமல் இருப்பதுதான் என் ஆதங்கம். ஜும்ஆ பயானில் விரலசைப்புக்கு எதிராக அரைமணி பேசுகிறவர், உறுதிக்கும் ஊகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினால் என்ன?

மத்ஹபுகள் ஒன்றுக்கொன்று கைகொடுத்ததால் மனிதர் பிழைத்த கதையும் இந்தியாவில் உண்டு, அது சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. கணவன் காணாமல் போன பெண் என்ன செய்வாள்? ஹனஃபி மரபுப்படி, அவன் வயதொத்தவர்கள் எல்லாம் இறந்துபோகும் காலம் வரை காத்திருக்க வேண்டும். ஷாஃபியின் பழைய கருத்துப்படி நான்கு ஆண்டு. எகிப்துக்குப் போனபின் சொன்ன புதிய கருத்துப்படி, இறந்தது உறுதியாகும் வரை. மாலிக் மத்ஹபில் நான்கு ஆண்டு. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறிய ஆண்களை நம்பி இருந்த கரை எங்களுடையது. இந்தச் சட்டத்தின் பாரம் எந்தத் தலைமேல் விழும் என்று விளக்க வேண்டியதில்லை. பஞ்சாபில் சில பெண்கள் விடுதலைக்கு வேறு வழியின்றி மதம் மாறினார்கள். அப்போதுதான் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ, ஹனஃபி அறிஞர்களில் தலையாயவர், மதீனாவின் மாலிக்கி முஃப்திகளுக்கு எழுதிக் கேட்டு, மாலிக் மத்ஹபின் தீர்வை இங்கே எடுத்தாளலாம் என்று 1930களின் தொடக்கத்தில் ஒரு நூலே எழுதினார். நெருக்கடியில் மற்ற மத்ஹபின் சட்டத்தை எடுக்கலாம் என்பது ஹனஃபி நூல்களிலேயே உள்ள விதி.

அதன் தொடர்ச்சிதான் 1939ஆம் ஆண்டின் 8ஆவது சட்டம், முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். ஹனஃபி சட்டம் கஷ்டம் தரும் இடத்தில் மாலிக்கி, ஷாஃபி, ஹன்பலி சட்டங்களைக் கையாள ஹனஃபி அறிஞர்களே இடம் தந்திருக்கிறார்கள் என்று மசோதாவின் நோக்க உரையே சொல்கிறது. நான்கு ஆண்டு கணவனைப் பற்றித் தகவல் இல்லையென்றால், இரண்டு ஆண்டு பராமரிக்கத் தவறினால், மனைவி நீதிமன்றம் போகலாம். விசாரிப்பவர் முஸ்லிம் நீதிபதியாக இருக்க வேண்டும் என்று ஆலிம்கள் கேட்டார்கள், அது கிடைக்கவில்லை. மனவருத்தம் இருந்தது. ஆனாலும் இன்று கடலூர் நீதிமன்றத்தில் ஒரு ஹனஃபிப் பெண்ணோ ஷாஃபிப் பெண்ணோ இந்தச் சட்டப்படி மனுப் போட்டால், அவளுக்குக் கதவைத் திறந்துவிடுவது மதீனாவில் 795இல் மறைந்த இமாம் மாலிக்கின் கருத்து. ஒற்றுமை மாநாட்டு மேடைகளில் இந்தச் சட்டத்தை யாரும் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை.

பிறை விஷயத்தைச் சொல்லாமல் முடியாது. ஒரே வீட்டில் அண்ணன் நோன்பு வைத்திருக்கத் தம்பி பெருநாள் கொண்டாடும் அவலம் எங்கள் பகுதியிலும் வந்துவிட்டது. விசித்திரம் என்னவென்றால், ஒரு இடத்தில் பிறை கண்டால் எல்லா நாட்டுக்கும் பொருந்தும் என்பது ஹனஃபி மத்ஹபின் மூல அறிவிப்பு. ஊருக்கு ஊர் உதயம் வேறு என்பதே ஷாஃபியின் வலுவான சொல். நடப்பில் ஹனஃபி ஜமாஅத்துகள் உள்ளூர்ப் பிறைக்கும், மத்ஹபே வேண்டாம் என்பவர்களில் ஒரு பகுதியினர் உலகப் பிறைக்கும் நிற்கிறார்கள். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது, இரண்டும் ஊகம்தான். இப்படிப்பட்ட இடத்தில் பொறுப்பிலுள்ளவர் எடுக்கும் முடிவு செயலளவில் கருத்து வேறுபாட்டை நீக்கும் என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட விதி. கருத்து மாற வேண்டியதில்லை. கலீஃபா உஸ்மான் ஹஜ்ஜின்போது மினாவில் சுருக்காமல் நான்கு ரக்அத் தொழவைத்தபோது, இரண்டுதான் சரி என்று சொன்ன நபித்தோழர் இப்னு மஸ்ஊத் அவருக்குப் பின்னால் நின்று நான்கும் தொழுதார். கேட்டவர்களிடம், பிளவு தீமை என்றார். தம் கருத்தை அவர் கைவிடவில்லை.

நம் பள்ளிகளில் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தொழுகை நேர அட்டைகளில் அஸருக்கு இரண்டு நேரம் போட்டிருப்பார்கள்: ஷாஃபிக்கு முன்னால், ஹனஃபிக்குப் பின்னால். இடையில் ஏறக்குறைய ஐம்பது நிமிடத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம் வரை. ஒரு பொருளின் நிழல் (நண்பகல் நிழல் போக) அதன் உயரத்துக்கு ஒரு மடங்கானதும் அஸர் என்பது ஷாஃபி, இரண்டு மடங்கானதும் என்பது அபூஹனீஃபா. ஆனால் அபூஹனீஃபாவின் இரு பெரும் மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் இதில் தம் ஆசிரியரோடு முரண்பட்டு ஒரு மடங்கு என்றே சொன்னார்கள். ஹஜ்ஜுக்குப் போகும் நம் ஹனஃபிகள் மக்காவிலும் மதீனாவிலும் அந்த நேரத்தில்தான் தொழுது வருகிறார்கள். மறுபக்கம், ஹனஃபி நேரம் வரை காத்திருந்தாலும் ஷாஃபிக்கு அஸர் தவறுவதில்லை. இரு சாராரும் கலந்து வாழும் சிற்றூர்ப் பள்ளியில் முத்தவல்லியும் ஹஜ்ரத்தும் உட்கார்ந்து, கடை வைத்திருப்பவர்களுக்கும் வேலை விட்டு வருகிறவர்களுக்கும் எது தோது என்று கேட்டு, இரண்டில் ஒரு நேரத்தை எழுதிப் போட்டால் போதும். யாரும் தம் மத்ஹபை விட்டு ஓரடி விலக வேண்டியதில்லை.